மெஷின் பின்னால் இழுத்த காலை

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நீ யாரை நம்புவாய்?" என்றுதான். "உங்களைத்தான் ஐயா," என்று பல்லைக் காட்டியவனுக்கு அன்றைக்கே மனதுக்குள் ஒரு மார்க் குறைத்துவிடுவேன். லேபில் யாரையும் நம்பக் கூடாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போத்தலில் ஒட்டியிருக்கிற பெயரை நம்பாதீர்கள், நேற்று ஓடிய மெஷின் இன்றைக்கும் அப்படியே ஓடும் என்று நம்பாதீர்கள். கெட்ட முடிவு வந்தால் ஒருமுறை பாருங்கள். நல்ல முடிவு வந்தால் இரண்டு முறை பாருங்கள்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கம்பனியில் என்னைச் சேர்த்ததே சாதிக்காய் எண்ணெய் வடிக்கிற கொப்பரைக்கு விறகு தள்ளத்தான். அங்கிருந்து லேபில் கண்ணாடிச் சாமான் கழுவப் போனேன். பிறகு மெஷின் ஓட்டினேன். கடைசியில் நான் தலையாட்டாமல் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட கேட்டைத் தாண்டாது என்கிற இடத்துக்கு வந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. இதையெல்லாம் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லுங்கள் என்று என் மகள் சொல்கிறாள். அடக்கமாக இருந்திருந்தால் இன்றைக்கும் விறகுதான் தள்ளிக்கொண்டிருப்பேன்.

சரி, சிரிஞ்ச் பம்ப் கதைக்கு வருகிறேன். நீங்கள் இப்போது விரலால் தொட்டுத் தொட்டு வேலை வாங்குகிற மெஷினுக்கு அது தாத்தா. ஒரு இரும்புப் பெட்டி, அதன் மேல் படுக்க வைத்த கண்ணாடி சிரிஞ்ச், அதன் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளவும் இழுக்கவும் ஒரு கட்டை, முன்னால் சிவப்பு நம்பர் ஓடுகிற சின்னக் கண்ணாடி. இத்தனை இழு, இத்தனை நேரம் நில், இந்த வேகத்தில் தள்ளு என்று படிப்படியாகப் பதிந்து வைத்தால், ஆள் இல்லாமலே முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை தானே செய்யும்.

கொழும்பிலிருந்து அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு எஞ்சினியர் வந்தார். வயதானவர், எப்போதும் சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலம். நான் படிகளைப் பதிந்துவிட்டு பொத்தானை அமுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"முதல்ல வாயால ஓட்டு."

"என்னங்க ஐயா?"

"மெஷின் என்ன செய்யப் போகுதுன்னு நீ சொல்லு. அப்புறம் அது செய்யட்டும். நீ சொன்னதும் அது செஞ்சதும் ஒண்ணா இருந்தா மட்டும் அதுகிட்ட முதுகைக் காட்டு."

அவர் எனக்குக் கற்றுத் தந்தது அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். ஆனால் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. தினமும் காலையில் மெஷின் முன்னால் நின்று சத்தமாகச் சொல்வேன்: "இழு. நில், காத்துக்குமிழி மேல வரட்டும். வேகமா தள்ளு. நில். மெதுவா தள்ளு. நிறுத்து. கூவு." லேபில் எல்லோருக்கும் சிரிப்பு. "அண்ணன் மந்திரம் ஓதியாச்சு, இனி வேலையைப் பாக்கலாம்," என்று முதலில் கிண்டல் தொடங்குகிறவன் யோகராஜா.

யோகராஜா எனக்குக் கீழே வேலை செய்தவன். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன்தான். கலவரத்துக்குப் பயந்து குடும்பம் வவுனியாவுக்குப் போய், அங்கேயும் நிற்க முடியாமல் திரும்பி வந்தது. இடையில் அடையாள அட்டை எடுத்தது அங்கே. அதனால் அட்டையில் வவுனியா என்று இருந்தது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல்லோடு மாத்தளையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறினால் எத்தனை சோதனைச் சாவடியில் இறக்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகி, மனைவி வயிற்றில் பிள்ளை.

நாங்கள் மெஷினில் செய்தது இந்தச் சோதனை. எண்ணெய் பழசானால் புளிப்பு ஏறும். எண்ணெயை ஸ்பிரிட்டில் கரைத்து, நிறம் காட்டுகிற மருந்தைச் சொட்டி, குடுவையை மெஷினின் ஊசிக்குக் கீழே வைப்போம். மெஷின் அளந்து வைத்த காரக் கரைசலை ஊசி வழியாக விடும். ரோஸ் நிறம் வந்தால் எண்ணெய் பாஸ். வராவிட்டால் புளித்த எண்ணெய், திருப்பி அனுப்ப வேண்டும். சின்னச் சோதனை, பெரிய பொல்லாப்பு. ஒரே எண்ணெய் காலையில் பெயில் ஆகும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாஸ் ஆகும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போனது.

பிறகு திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. எத்தனை முறை வைத்தாலும் ஒரே முடிவு. லேபுக்குப் பொறுப்பான மிஸ் என்னைப் பாராட்டினார். நானும் பாராட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லையே, எப்படிச் சரியானது? யோகராஜா மேல்தான் என் கண் போனது. காலையில் எனக்கு முன்னால் வருகிறான். நான் கதவைத் திறந்தால் மெஷினை விட்டு நகர்கிறான்.

"என்னடா செய்ற அதுகிட்ட?"

"தூசி தட்டுறேன் அண்ணே."

"தூசி தட்டுறதுக்கு எதுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டிருக்க?"

முடிவுகளைத் திருத்துகிறானா, எண்ணெயையே மாற்றி வைக்கிறானா என்று எனக்குள் ஆயிரம் யோசனை. கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். என் அனுமதி இல்லாமல் அந்த மெஷினின் படிகளில் யாரும் விரல் வைக்கக் கூடாது என்பது லேபில் எழுதாத சட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது கரண்ட் வெட்டு நாளாந்தம். எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கரண்ட் வந்ததும் மெஷின் தானாகவே முதல் படியிலிருந்து தொடங்கும்படி நான் வைத்திருந்தேன். ஊசிக்குக் கீழே எங்களுக்கு நன்றாகத் தெரிந்த நல்ல எண்ணெய் ஒன்றைக் கரைத்து வைத்துவிடுவோம். கரண்ட் வந்து மெஷின் ஓடி, குடுவை ரோஸானால் மெஷின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். மிஸ்ஸே மெச்சிய யோசனை அது.

எங்கள் லேப் மாத்தளையிலிருந்து நாலந்தா போகிற ரோட்டோரம். ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் ஹோல்ட். பஸ்ஸுக்கு நிற்கிறவன் எவனும் உள்ளே பார்க்கலாம். ஆளில்லாத அறை, சிவப்பு நம்பர் ஓடுகிறது, தானாக நகர்கிற ஒரு சாமான். எங்களுக்கு அது சோதனை. ரோட்டில் நின்று பார்த்தவனுக்கு அது குண்டு.

எவனோ பொலிஸுக்குப் போன் பண்ணிவிட்டான்.

காலைத் தேநீர் முடிந்த நேரம். கரண்ட் இல்லை. மிஸ் கண்டிக்குப் போயிருந்தார். லேபில் நானும் யோகராஜாவும் மட்டும். ஒரு பொலிஸ் ஜீப்பும் பின்னால் ஆமி ட்ரக்கும் வாசலில் வந்து நின்றன. உள்ளே வந்த பொலிஸ் அதிகாரி சத்தம் போடாத மனிதர். சத்தம் போடாதவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். பின்னால் துவக்கோடு இரண்டு ஆமிக்காரர்.

சிங்களத்தில்தான் பேச்சு. "நேரம் வைத்து ஓடுகிற சாமான் ஒன்று இங்கே இருக்கிறதாமே. காட்டு."

மெஷினைக் காட்டினேன். கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது. அவர் தொடாமல் குனிந்து பார்த்தார், சிரிஞ்சை, வயரை, குடுவையை.

"இதை ஓட்டுவது யார்?"

"நான்தான் சார். இவனும்."

அடையாள அட்டைகளைக் கேட்டார். என்னுடையதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். யோகராஜாவுடையதைப் பார்த்தார், திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வவுனியா."

"பிறந்தது இங்கதான் சார், ரத்தோட்டை," என்றான் யோகராஜா. அவன் சிங்களம் என்னுடையதைவிட நல்லது. அன்றைக்கு அதுவும் உதவவில்லை.

"வவுனியாக்காரன் நல்ல சிங்களம் பேசுகிறான்," என்றார் அதிகாரி, ஆமிக்காரரைப் பார்த்து. பிறகு என்னிடம், "ஓட்டிக் காட்டு."

"கரண்ட் இல்லை சார்."

"வசதியாகப் போயிற்று."

அந்த ஆள் என்னைப் போலவே யாரையும் நம்பாதவர். சும்மா சொல்லவில்லை, எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது. ஆனால் அப்படிப்பட்டவரிடம் பேச்சு எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குப் போன் பண்ணலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். யோகராஜாவை ஜீப்புக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

கூரையில் லைட் துடித்தது. மெஷின் கீச்சென்று கூவியது. சிவப்பு நம்பர் எரிந்தது. குடுவைக்குக் கீழே இருந்த, எண்ணெயைக் கலக்குகிற காந்தக் கிளறி சுழலத் தொடங்கியது. கட்டை தானாக நகர்ந்தது. ஒரு ஆமிக்காரர் தரையில் விழுந்தார், மற்றவர் துவக்கைத் தூக்கினார். யோகராஜா என்ன செய்தான் தெரியுமா? நிறுத்துகிற பொத்தானை அமுக்கப் பாய்ந்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் துவக்குப் பிடித்தவன் கண்ணுக்கு அது பொத்தானை அமுக்கப் பாய்கிற வவுனியாக்காரன்.

"அத தியன்ன எப்பா!" என்று கத்தினேன். கை வைக்காதே என்று சிங்களத்தில். தமிழில் கத்தவில்லை, பிள்ளைகளே. யோகராஜா என் சொந்தப் பாஷைக்காரன், பயத்தில் தமிழ்தான் வாயில் வர வேண்டும். ஆனால் அந்த அறையில் துவக்கு வைத்திருந்தவனுக்கு விளங்க வேண்டியது அவசியம். நான் என்ன சொன்னேன் என்று அவனுக்கும் விளங்கியது, யோகராஜாவின் கை அந்தரத்தில் நின்றது, துவக்கும் நின்றது. நெருக்கடியில் வாயைத் திறந்தால், யார் பயந்தால் ஆபத்தோ அவனுக்கு விளங்குகிற மாதிரிப் பேசுங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள்.

துவக்கைத் தூக்கியவர் யோகராஜாவை வெளியே இழுத்துக்கொண்டு போனார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் சொன்னேன்: "சார், யாரும் தொட வேண்டாம். நானும் தொடவில்லை. இது என்ன செய்யப் போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறேன். நான் சொன்னபடி செய்யாவிட்டால் என்னையும் கொண்டுபோங்கள்."

அவர் கதவுவரை பின்வாங்கி நின்றுகொண்டார். "சொல்லு."

தினமும் ஓதிய மந்திரம் அன்றைக்குச் சிங்களத்தில் வந்தது.

"இப்போது இழுக்கிறது. இனி நிற்கும்."

நின்றது.

"காற்றுக்குமிழி மேலே வர விடுகிறது. இனி வேகமாகத் தள்ளும், ஊசியிலிருந்து சொட்டு விழும்."

தள்ளியது. சொட்டு விழுந்தது. கீழே விழுந்த ஆமிக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மறுபடியும் நிற்கும். பிறகு மெதுவாகத் தள்ளும். அது முடிகிறபோது குடுவை ரோஸாகும். பிறகு நிற்கும். பிறகு கூவும். அவ்வளவுதான் சார்."

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கையைக்கூடக் கொஞ்சம் கீழே இறக்கினேன். மெதுவாகத் தள்ளியது. குடுவையின் நடுவில் ரோஸ் சுருள் சுருளாக வந்தது, கலைந்தது, மறுபடி வந்தது.

"இப்போது நிற்கும்," என்றேன்.

நிற்கவில்லை. கட்டை பின்னால் இழுத்தது.

ஒரு நூல் அளவுதான் இழுத்தது. மற்ற நாளில் அந்த நேரம் என் கண் குடுவையின் நிறத்தில்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"நிற்கும் என்று சொன்னாய்."

பிள்ளைகளே, அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் படி என்னுடையது இல்லை. யோகராஜா வைத்தது. காலையில் எனக்கு முன்னால் வந்து அவன் தட்டிய தூசி இதுதான். இத்தனை நாள் நான் தேடிய திருட்டு என் கண் முன்னால் நடந்தது. "எனக்குத் தெரியாது சார், அவன் வைத்திருக்கிறான்," என்பது உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் யோகராஜா ஜீப்பில் போய்விடுவான். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் இருந்தார்கள்.

ஊசியைப் பார்த்தேன். முன்பெல்லாம் கடைசியில் ஊசி நுனியில் ஒரு துளி தொங்கும். யாராவது மேசையில் இடித்தால் அது விழும், இடிக்காவிட்டால் விழாது. அன்றைக்கு நுனி சுத்தமாக இருந்தது. துளி உள்ளே போயிருந்தது. அட பாவி, என்று நினைத்தேன். ஒரே எண்ணெய் காலையில் பெயிலாகிப் பகலில் பாஸான காரணம் அந்தத் தொங்குகிற துளிதான். அதைத்தான் உள்ளே இழுக்க வைத்திருக்கிறான்.

"சார், அதை நான் வேண்டுமென்றுதான் சொல்லவில்லை," என்றேன். "அது என் தொழில் ரகசியம். ஊசியில் தொங்குகிற கடைசித் துளி விழுந்தால் கணக்குப் பிழையாகிவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் இழுக்க வைத்திருக்கிறேன். நானே கண்டுபிடித்தது. ஊசியைப் பாருங்கள், துளி இருக்கிறதா?"

மெஷின் கூவியது. குடுவை ரோஸாக நின்றது.

அவர் ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கம் திரும்பி நில். வாயைத் திறக்காதே," என்றார். பிறகு யோகராஜாவை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். நான் என்ன சொன்னேன் என்று யோகராஜாவுக்குத் தெரியாது. ஜீப் பக்கம் நின்றவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவன் உண்மையைச் சொன்னால் நான் பொய்யன், இரண்டு பேரும் ஜீப்பில். இருமிக் காட்டலாமா என்று தோன்றியது. இருமினாலே அது சைகை. இருமவில்லை.

"கடைசியில் இது பின்னால் இழுக்கிறது. ஏன்?"

"துளி தொங்காம இருக்க சார்." யோகராஜாவின் குரல்.

"அதை வைத்தது யார்?"

கிளறி சுழல்கிற ஓசை எனக்குக் கேட்டது.

"அவர்தான் சார்."

"நிச்சயமாகவா? நீ தொட்டதில்லையா?"

"அந்த மெஷின்ல எல்லாமே அவர் செஞ்சதுதான் சார். யாரை வேணும்னாலும் கேளுங்க. இந்த ஜன்னலைக் கண்டுபிடிச்சதும் தான்தான்னு சொல்லுவாரு."

முதலில் சிரித்தது கீழே விழுந்த ஆமிக்காரர். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மெஷினை நிறுத்தி மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை படிகளை யோகராஜாவைச் சொல்லச் சொன்னார். அவனும் பிழையில்லாமல் ஓதினான், பின்னால் இழுப்பதையும் சேர்த்து. கிண்டலடித்துக் கிண்டலடித்தே பாடமாக்கியிருக்கிறான் பயல்.

அதிகாரி அட்டையைப் பையிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, அவன் கையில் கொடுத்தார். போகும்போது ஜன்னலைக் காட்டி, "இதற்கு ஒரு திரை போடு," என்றார்.

நான் திரை போடவில்லை. மூடி வைத்தால் இன்னும் பத்துக் கதை கட்டுவார்கள். மேசையை ஜன்னலுக்கு இன்னும் கிட்டவாகத் தள்ளி, பஸ்ஸுக்கு நிற்கிறவன் சிரிஞ்சையும் குடுவையையும் நன்றாகப் பார்க்கும்படி வைத்தேன். போன் பண்ணியது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஹோல்ட்டில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் நான் பல வருஷம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். இப்போதும் அந்தப் பக்கம் போனால் பார்க்கிறேன்.

அவர்கள் போன பிறகு யோகராஜா ஸ்டூலில் உட்கார்ந்தான். பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தேன். பிறகு ஏசினேன். எனக்கு ஏசத்தான் தெரியும்.

"சொல்லாம எதுக்குடா மாத்தின? மெஷின் என்ன செய்யும்னு எனக்கே தெரியாம ஆக்கிட்டியே! இன்னைக்கு உன் உயிர் போயிருக்கும்."

"சொன்னா விட்டிருப்பீங்களா அண்ணே?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்ப?"

டீயைக் குடித்தோம். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறவன் இல்லை நான்.

"யோகு, நான் உள்ள என்ன சொன்னேன்னு உனக்குக் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலண்ணே."

"பின்ன எப்படிடா நான்தான் வச்சேன்னு சொன்ன? நான் உன்னைக் காட்டிக் கொடுத்திருந்தா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நல்லா ஓடுற எதையாவது நீங்க உங்களுது இல்லன்னு சொல்லி நான் ஒரு நாளும் பாத்ததில்லையே அண்ணே."

மறுநாள் காலை மெஷின் முன்னால் நின்று வழக்கம்போல ஓதினேன். இழு, நில், வேகமா தள்ளு, நில், மெதுவா தள்ளு. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோகராஜாவைப் பார்த்தேன்.

"பின்னால இழு," என்றான் அவன்.

பொத்தானை அமுக்கினேன்.